ஈயும் எலியும் அரிசியும்: உயிர்ச்சத்தின் வரலாற்றில் குன்னூர்

வைப்பாற்றங்கரைச் சாத்தூருக்குப் பெயர் தேடித் தந்தவை வெள்ளரிப் பிஞ்சும் காராச்சேவும் பேனா நிப்பும் ஆகும். இவ்வூரின் பழக்கடைகளில் கனிந்து கறுத்த வாழைத்தாரைச் சுற்றி மாலை வேளைகளில் மொய்க்கும் ஒரு சிற்றுயிரை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. கடைக்காரர் துண்டை வீசி விரட்டுவார். அது எழுந்து மீண்டும் அதே தாரில் அமரும். எள்ளினும் சற்றே பெரிய உடல், செந்நிறக் கண்கள். உயிரியல் நூல்கள் அதனை டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்று அழைக்கின்றன. தமிழில் பழ ஈ எனலாம். மனிதனின் மரபு, மூப்பு, இறப்பு ஆகியவை குறித்து இருபதாம் நூற்றாண்டு அறிந்துகொண்டவற்றுள் கணிசமான பகுதியை இவ்வீயிடமிருந்தே அறிந்துகொண்டது.

அதன் வாழ்நாள் இரண்டு மூன்று மாதங்களே. முட்டையிலிருந்து ஈயாக வெளிவர வெப்பமான அறையில் பத்து நாள் போதும். ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டு நிறைவு காணும் காலத்தில் பழ ஈக்களிடையே இருநூற்றைம்பது தலைமுறைகளுக்கு மேல் கடந்திருக்கும். பாட்டனும் பேரனும் ஒரே ஆய்வாளரின் கண்முன் பிறந்து மாய்வர். ஆயுளை ஆராய விரும்பியோர் இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் அதுவே. 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் வெண்கண் கொண்ட ஓர் ஈயைக் கண்டு மரபியலுக்குப் புதுவழி திறந்தார். 1917இல் ஜாக் லோபும் ஜான் நார்த்ராப்பும் வெப்பம் குறைந்த இடத்தில் ஈ நெடுநாள் வாழ்வதைக் காட்டினர். 1920களில் ரேமண்ட் பெர்ல் காப்பீட்டு நிறுவனங்கள் மனிதர்க்கு வகுப்பது போன்ற ஆயுள் அட்டவணையை ஈக்களுக்கு வகுத்தார்.

அக்காலத்திலேயே வேறோர் உண்மையும் தெளிவாயிற்று. பழ ஈ உண்பது உண்மையில் பழத்தை மட்டுமன்று. அழுகும் பழத்தில் வளரும் ஈஸ்ட் எனும் நொதியே அதன் முதன்மையான உணவு. கிருமி நீக்கிய, ஈஸ்ட் இல்லாத உணவில் அதன் புழுக்கள் வளர இயலாமல் மடிந்தன. சிறிது ஈஸ்ட் சேர்த்ததும் பிழைத்தன. நொதியில் ஏதோ ஒன்று இருந்தது. அவ்வேதோ ஒன்றின் வரலாறுதான் ஈண்டுக் கூறப்படுவது. அவ்வரலாற்றின் சிறந்ததொரு பகுதி நிகழ்ந்த இடம் நம் நீலகிரியின் குன்னூர்.

ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும் தவிடு நீங்காத அரிசி தின்றவை நலமாக இருப்பதையும் 1890களில் கண்டார். மனிதரைத் தாக்கும் பெரிபெரி நோயின் சாயலே அது. 1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயரை உருவாக்கினார். நம்மவர் அதனை உயிர்ச்சத்து என்றனர். மூலச்சொல்லினும் பொருத்தமான சொல் என்று கூறத் தடையில்லை. 1926இல் அதே ஜாவாவில் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து அச்சத்தைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். அது இன்று தயமின் அல்லது வைட்டமின் பி1 எனப்படுகிறது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட 1918ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார் இராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்தில் 1878இல் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் 1901இல் சேர்ந்தவர். கில்கித் மலைப்பகுதியில் தொண்டைக் கழலை நோயை ஆராய்ந்தவர். அந்நோய்க்குக் காரணம் எனக் கருதிய நீரின் வண்டலைத் தாமே பருகிச் சோதித்த துணிவுடையவர். அத்தகையவருக்குக் குன்னூரில் வாய்த்தது பெரிய மாளிகையன்று. புறாக்களும் குரங்குகளும் எலிகளும் அடைத்த கூண்டுகளே. அவர் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் தந்து, அவை மடிந்தபின் ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து எடையிட்டார். தசை சுருங்கியிருந்தது; இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கியிருந்தன; குடல் நலிந்திருந்தது. ஆனால் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி மட்டும் பெருத்திருந்தது. உடல் முழுதும் சுருங்கும்போது ஒன்று மட்டும் ஏன் பெருக்கிறது? பல ஆண்டுகள் கழித்து, 1936இல், ஹான்ஸ் செல்யே என்பார் உடல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது இச்சுரப்பி பருப்பதைக் காட்டினார். ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் சொல் அவரால்தான் பின்னர் உலகெங்கும் பரவியது. சத்துக் குறைவும் உடலுக்கு ஒரு நெருக்கடியே என்பதற்கான தடயம் குன்னூர்ப் புறாவின் வயிற்றில் அதற்கு முன்னரே கிடந்தது. மெக்காரிசனின் இந்த ஆய்வுகள் 1921இல் நூலாயின.

நூல் வெளிவந்த ஈராண்டில் அரசு சிக்கன நடவடிக்கையாக அவர் பணியையே நிறுத்திவிட்டது. இஞ்ச்கேப் குழுவின் கத்தரிக்கோலுக்கு எத்தனையோ துறைகள் இரையாயின; அவற்றுள் இதுவும் ஒன்று. 1925இல்தான் பணி மீண்டும் தொடங்கிற்று. சோறு உண்ணும் கோடிக்கணக்கான மக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய சில ஆயிரம் ரூபாயில் மிச்சம் பிடிக்க முனைந்த ஆட்சியைப் பற்றி விரிவாகக் கூறவேண்டியதில்லை.

மீண்டு வந்தபின் அவர் செய்த சோதனையே தமிழரை நேரே சுடுவது. இந்தியாவின் ஏழு பகுதி மக்கள் உண்ணும் உணவை அவ்வாறே சமைத்து ஏழு குழு எலிகளுக்கு ஊட்டினார். சீக்கியர் உணவு தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். பட்டாணியர் உணவு 230, மராட்டியர் உணவு 225, கூர்க்கர் உணவு 200, கன்னடர் உணவு 185, வங்காளியர் உணவு 180. அட்டவணையின் கடைசி வரியில் நின்றது மதராசி உணவு: 155. அரிசியை முதன்மையாகக் கொண்டு, பாலும் பசுங்காயும் அருகிய உணவு அது. இவ்வட்டவணை பல நூல்களில் எடுத்தாளப்பட்டது. சில இடங்களில் இனங்களின் வீரத்துக்கு அளவுகோலாகவும் காட்டப்பட்டது. மெக்காரிசன் நோக்கம் அதுவன்று. உணவே உடலை ஆக்குகிறது, பிறப்பு அன்று என்பதுதான் அவர் நிறுவ விரும்பியது. ஆயினும் ‘மதராசி’ என்னும் ஒரே சொல்லில் தஞ்சை மிராசுதாரரும் சென்னை நகரக் கூலியாளும் கரிசல்காட்டு சம்சாரியும் அடக்கப்பட்டது நேர்மையான வகைப்பாடு ஆகாது. கம்மஞ்சோறும் குதிரைவாலிச் சோறும் கேப்பைக் கூழும் உண்டு, நெற்சோற்றைப் பண்டிகை நாளில் மட்டும் கண்ட சாத்தூர் வட்டாரத்து மக்களின் தட்டு அந்த எலிக் கூண்டுக்குள் சென்றதே இல்லை.

அதே ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த இருப்பு எலிகளுக்குச் சீக்கியர் உணவை ஒத்த உணவு தரப்பட்டது. முழுக் கோதுமை ரொட்டி, வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் கேரட்டும் முட்டைக்கோசும், பால், வாரம் ஒருமுறை சிறிது இறைச்சி, இவ்வளவுதான். இரண்டேகால் ஆண்டுக் காலம் அவ்வெலிகளிடையே நோயில்லை. வளர்ந்தவற்றில் இயற்கைச் சாவு இல்லை. விபத்தால் இறந்த சில குட்டிகள் நீங்கலாகக் குட்டிச் சாவும் இல்லை என்று மெக்காரிசன் அறிவித்தார். இரண்டாண்டு வாழ்ந்த எலி ஐம்பதாண்டு வாழ்ந்த மனிதனுக்கு நிகர் என்பது அவர் கணக்கு.

இதற்கு எதிராக அவர் நிறுத்தியது எந்த இந்திய உணவையும் அன்று. இங்கிலாந்தின் ஏழைகள் உண்ட உணவையே நிறுத்தினார். வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை மிகுந்த தேநீர், வேகவைத்த காய், டப்பா இறைச்சி. இதனைத் தின்ற எலிகள் மெலிந்தன, நுரையீரல் நோயுற்றன. அத்துடன் இயல்பும் திரிந்தன. தம்மைப் பேணுவோரைக் கடித்தன. அறுபதாம் நாளளவில் தம்முள் வலுக்குறைந்தவற்றைக் கொன்று தின்னத் தலைப்பட்டன. நல்லுணவு பெற்றவையோ ஒரே கூண்டில் இணக்கமாக வாழ்ந்தன. பசியைப் பாடிய கவிஞர் பலர் நம்மிடையே உண்டு. வயிறு நிறைந்தும் சத்தில்லாத நிலையைப் பாடியவர் எவரும் உளரா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அவர் கரிசல் மக்களின் தானியத்தைத் தொட்ட ஓர் இடமும் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் நிலையத்தின் வேதியியலார் பி. விஸ்வநாத்துடன் சேர்ந்து, தொழுவுரம் இட்ட வயலிலும் இரசாயன உரம் இட்ட வயலிலும் எவ்வுரமும் இடாத வயலிலும் விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் ஊட்டி ஒப்பிட்டார். தொழுவுரத்தில் விளைந்த தானியமே சத்து மிகுந்தது என்று இருவரும் 1926இல் எழுதினர். மண்ணின் நலமும் உண்போரின் நலமும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்ற கருத்தை மேலைநாட்டு இயற்கை வேளாண்மையாளர் பின்னர் பெரிதும் போற்றினர். அதற்கு ஒரு வேர் கோவை மண்ணில் இருப்பதைத் தமிழ்நாட்டு வேளாண் மேடைகளில் அரிதாகவே கேட்க முடிகிறது.

1935இல் மெக்காரிசன் ஓய்வு பெற, ஆய்க்ராய்டு என்பார் பொறுப்பேற்றார். அதற்குள் அந்நிலையம் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் என்னும் பெயர் பெற்றிருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் புதிர் ஒன்று ஆய்க்ராய்டு முன் நின்றது. மாகாணம் முழுவதும் மக்கள் அரிசி உண்டனர். பெரிபெரியோ வடசர்க்கார் என்ற தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களிலேயே பெரிதும் காணப்பட்டது. தமிழ் மாவட்டங்களில் அது அருகியே இருந்தது. விடை அடுக்களையில் இருந்தது. அங்கே உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. இங்கே உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டிய உயிர்ச்சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே புகுந்துவிடுகிறது. பின்னர் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சுகிறது. நெல் அவித்த பெண்கள் தயமினை அறிந்து அவித்தாரல்லர். அரிசி உடையாமல் இருக்கவும், வண்டு விழாமல் இருக்கவும் அவித்தனர். காரணம் எதுவாயினும், அவர்கள் ஏற்றிய அடுப்பு தலைமுறைகளைக் காத்தது. சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டும் பழக்கம் அச்சத்தின் ஒரு பகுதியைக் கொட்டிவிடுகிறது என்பதையும் ஆய்க்ராய்டு குழுவினர் காட்டினர். அவர்களின் அரிசி பற்றிய அறிக்கை 1940இல் வெளிவந்தது.

பழைமை அனைத்தும் நன்று என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட தக்காணத்து ஏழைகளிடம் பெல்லக்ரா என்னும் தோல்நோய் காணப்படுவதை 1960இல் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் எழுதினர். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் குன்னூர்க் கூடத்தில் பயின்று எழுந்தவர். நியாசின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவே அந்நோய். ஒரே தானியம் எதுவாயினும் அது தனித்து நின்றால் துரோகம் செய்துவிடும். கீரையும் பயறும் மோரும் சேர்ந்தபோதுதான் சோளச்சோறு உணவாகிறது.

குன்னூர் வரலாற்றின் உருக்கமான அதிகாரம் ஒரு பெண்ணுடையது. லூசி வில்ஸ், 1888இல் பிறந்த ஆங்கில மருத்துவர். 1928இல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களைப் பீடித்துக் கொல்லும் ஒருவகைச் சோகை நோயை ஆராய்ந்தார். இரும்புச் சத்து தந்தும் அச்சோகை தீரவில்லை. ஏழைப் பெண்களிடம் அது மிகுந்திருந்தது. உணவு குறைந்தவர்களிடம் மேலும் மிகுந்திருந்தது. குன்னூருக்கு வந்து, பம்பாய்ப் பெண்கள் உண்ட உணவையே எலிகளுக்கும் பின்னர் குரங்குகளுக்கும் ஊட்டினார். அவையும் சோகையுற்றன. கல்லீரல் சாறு நோயைத் தீர்த்தது. ஆனால் விலையோ மிகுதி. ஆலைத் தொழிலாளி வாங்கத்தக்கதன்று. மலிவான பொருள் ஒன்று வேண்டும் என்ற தேட்டத்தில் அவர் கை மார்மைட் புட்டியில் சென்று நின்றது. பீர் வடித்தபின் எஞ்சும் ஈஸ்ட்டின் கறுத்த, உவர்த்த பசை அது. அதனை உண்ட குரங்கு தேறியது. அதனை உண்ட பெண்களும் தேறினர். 1931இல் இச்செய்தி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று.

பழத்தில் மொய்க்கும் ஈயைக் காத்ததும் நொதி. பம்பாய்த் தாய்மாரைக் காத்ததும் நொதி. இரண்டுக்கும் பொதுவாக அதனுள் இருந்தது யாது என்பதற்கு விடை காணப் பத்தாண்டு ஆயிற்று. 1941இல் பசலை இனக் கீரையொன்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. இலையிலிருந்து கிடைத்தமையால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. ஆலையில் பெருமளவில் ஆக்கத்தக்கவாறு அதனைச் செயற்கையில் உருவாக்கிய குழுவின் தலைவர் சென்னையில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதர் உடுத்தி அறுவை அரங்குக்குச் சென்றமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்கு ஈடாகக் குறைந்த பட்டமே பெற்றார். அவருடைய உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் குடல் நோய் கொண்டுபோயிற்று. உணவிலுள்ள ஃபோலிக் அமிலம் உடலில் சேராமற்போவது அந்நோயின் கேடுகளுள் ஒன்று. அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் 1945இல் அவர் குழு உருவாக்கியதோ அதே ஃபோலிக் அமிலம். உடன்பிறந்தாரின் மரணம் ஒருவன் வாழ்வில் இவ்வளவு நேராக ஒரு பணியில் சென்று முடிவது கதைகளில்கூட நம்பத்தகாதது எனலாம். அவர் 1948இல் மறைந்தார். நோபல் பரிசு அவர் வாயிலுக்கு வரவேயில்லை.

அதே 1948இல் தாமஸ் கார்ட்னர் என்பவர் பழ ஈக்களுக்குப் பாந்தோதெனிக் அமிலம் என்னும் மற்றொரு பி உயிர்ச்சத்தை மிகுத்துத் தந்து அவற்றின் ஆயுள் நீள்வதாக அறிவித்தார். இராணித் தேனீயின் பாகு ஏன் நீள்வாழ்வு தருகிறது என்னும் வினாவிலிருந்து அவ்வாய்வு கிளைத்தது. உயிர்ச்சத்தை மேன்மேலும் கூட்டினால் ஆயுளும் மேன்மேலும் கூடும் என்னும் ஆசைக்கு அப்போது வித்திடப்பட்டது. பழ ஈக்குத் தேவையான சத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் 1956இல் பட்டியலிட்டவர் ஜேம்ஸ் சாங். தயமின், ரைபோஃபிளேவின், நியாசின், பாந்தோதெனிக் அமிலம், பிரிடாக்சின், பயோட்டின், ஃபோலிக் அமிலம் என நீளும் அப்பட்டியலில் வைட்டமின் சி இல்லை. அச்சத்து உணவில் இல்லாமலே ஈ வாழ்கிறது. அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியால் ஈக்குப் பயன் ஒன்றுமில்லை! குன்னூர் எலியும் அவ்வகையில் ஈயின் கட்சியே. தன் உடலிலேயே வைட்டமின் சி ஆக்கிக்கொள்ளும். மனிதனுக்கு அவ்வாற்றல் இல்லை. எலியைக் கொண்டும் ஈயைக் கொண்டும் மனிதனை அளப்போர் நினைவில் வைக்கவேண்டிய வேறுபாடு இது.

பிற்கால ஆய்வுகள் கார்ட்னர் காட்டிய நேர்வழியில் செல்லவில்லை. மைக்கேல் ரோஸ் குழுவினர் 1980களில் முதுமையில் இடப்பட்ட முட்டைகளையே தலைமுறைதோறும் தேர்ந்து வளர்த்து, நெடுநாள் வாழும் ஈ வழிகளை உருவாக்கினர். அவ்வீக்கள் பட்டினியையும் வறட்சியையும் பிற ஈக்களினும் மிகுதியாகத் தாங்கின. நெடிய ஆயுளும் தாங்குதிறனும் உடன்பிறப்புகள் என்பது அதனால் புலனாயிற்று. 1993இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு மேலும் நுட்பமானது. ஈஸ்ட்டை மிகுதியாகத் தின்ற ஈ மிகுதியாக முட்டையிட்டது, விரைந்து மாண்டது. ஈஸ்ட் குறைந்த ஈ முட்டை குறைந்தது, நெடுநாள் வாழ்ந்தது, பட்டினியையும் தாங்கியது. நொதி அறவே இல்லையேல் புழு வளராது. மிகுந்தால் ஈ தன்னைச் சந்ததிக்குச் செலவிட்டு முடிந்துவிடும். உணவு மட்டுமன்று, ஒளியும் இத்தகைய பேரத்தில் பங்கு கொள்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வுக்கு வழிகோலிய எம்.கே. சந்திரசேகரன் பின்னர் பெங்களூரில் ஷீபா முதலியோருடன் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஓயாத இருளில் வாழ்ந்து இனம்பெருக்கிய ஈக்கள் வெளிச்சத்தில் வாழ்ந்தவற்றைவிட நெடுநாள் இருந்தன. இளமையில் அவை இட்ட முட்டைகளும் குறைவு.

நரையின்றி இருப்பதன் காரணம் கேட்டவர்க்குப் பிசிராந்தையார் மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், சான்றோர் என்று வரிசையாகச் சொன்னார். உணவைப் பற்றி ஒரு சொல்லும் அவர் விடையில் இல்லை. மன நெருக்கடி இன்மையே ஆயுள் என்று அவர் கொண்டார் போலும். மாத்திரையால் ஆயுளை நீட்டலாம் என்று எண்ணிய நம் காலத்தவருக்குக் கிடைத்த விடை கடுமையானது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடந்த பெருஞ்சோதனையின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியது.

ஆனால் குறையுள்ளவர்க்கு அதே உயிர்ச்சத்து வேறொரு பொருள். கருவுறும் முன்னரே ஃபோலிக் அமிலம் பெற்ற தாய்மாரின் மகவுகளிடம் முதுகுத்தண்டுக் குறைபாடு மீண்டும் தோன்றுவது 72 விழுக்காடு குறைந்ததென 1991இல் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. இந்திய அரசு 1970 முதலே கருவுற்ற பெண்களுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை வழங்கி வருகிறது. குன்னூர்க் கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. லூசி வில்ஸ் கண்ட பஞ்சாலைப் பெண்களைப் போன்றே, சாத்தூரையும் சிவகாசியையும் சுற்றிய தீப்பெட்டிச் சாலைகளிலும் பட்டாசுச் சாலைகளிலும் நாள்முழுதும் குனிந்திருந்து உழைக்கும் மகளிர் கருவுற்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது, செவிலியர் அவர்கள் கையில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது; உடன் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது.